பா.ம. என்றால் எந்தப் படம்?

சென்ற தீபாவளிக்கு மறுநாள் காலை, பசியாறி முடித்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்த அப்பா, சமையலறையில் இருந்த என்னை அழைத்து, "ஆயிரத்தில் ஒருவனை அழிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனால், பத்திரமாக வைத்திருந்த ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோமே என்ற கவலை தெரிந்தது. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் அவர் தேடி வாங்கிய விசிடி அது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் தம்பியும் நானும் அவருடைய வட்டுகளையெல்லாம் கணினிக்கு மாற்றி, ஈசூன் வீட்டில் தொலைக்காட்சிக்கு அருகில் ஒரு சிறிய கணினியை வைத்து, அதில் சேமித்த படங்களைப் போஸ்டர்களாக அடுக்கிக் காட்டி ஓட்டும் மீடியா சர்வர் மென்பொருளை நிறுவியிருந்தோம். இனி வட்டைத் தேடி எடுக்க வேண்டியதில்லை, போஸ்டரைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தோம். அந்தப் போஸ்டர்களுக்கு நடுவில் எம்.ஜி.ஆர். இல்லை.

படம் அழியவில்லை. வன்தட்டில் கோப்பு அப்படியேதான் இருந்தது. செல்வராகவன் இயக்கி 2010இல் வெளிவந்த, கார்த்தி நடித்த 'ஆயிரத்தில் ஒருவன்' தம்பியின் சேகரிப்பில் இருந்தது. பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்த 1965ஆம் ஆண்டுப் படம் அப்பாவினுடையது. இரண்டு கோப்புகளின் பெயரிலும் ஆண்டு இல்லை. மென்பொருள் இரண்டையும் 2010ஆம் ஆண்டுப் படமென்றே முடிவு செய்து, ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் நம்மிடம் இருப்பதாக எண்ணி, ஒரே போஸ்டருக்குக் கீழே அடுக்கிவிட்டது. அந்தப் போஸ்டரைத் திறந்து, 'வேறு பிரதி' என்ற சிறிய தேர்வுக்குள் போனால், அங்கே எம்.ஜி.ஆர். இருந்தார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் அதைத் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

அன்று தொடங்கி ஏறத்தாழ இரண்டு மாதம், வார இறுதிகளில் அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கோப்புகளுக்குப் பெயர் மாற்றினேன். அந்த வேலையில் நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் இப்படி ஒரு சேகரிப்பை வைத்திருக்கும் தமிழர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கும்.

முதலில், இத்தகைய மென்பொருள்கள் ஒரு படத்தை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவை பொதுவாகப் படத்தைப் பார்ப்பதில்லை, கோப்பின் பெயரைத்தான் படிக்கின்றன. பெயரில் உள்ள புள்ளிகளையும் அடிக்கோடுகளையும் இடைவெளியாக மாற்றிக்கொண்டு, 1080பி, புளூரே, எக்ஸ்264 போன்ற தரக்குறிப்புகளை வெட்டியெறிந்து, 19 அல்லது 20 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் அதை வெளியான ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருப்பதைப் படத்தின் தலைப்பு என்று நம்பி, இணையத்தில் உள்ள திரைப்படத் தரவுத்தளம் ஒன்றில் தேடுகின்றன. பெரும்பாலும் அது டிஎம்டிபி எனப்படும் தரவுத்தளமாக இருக்கும். வருகிற விடைகளில் எழுத்துகள் நெருக்கமாக ஒத்துப்போவது எதுவோ, ஆண்டு பொருந்துவது எதுவோ, அதை எடுத்துக்கொள்கின்றன. ஆண்டு இல்லையென்றால், ஒரே பெயருள்ள பல படங்களுள் பலரும் தேடுகிற படமே முன்னால் வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பழைய படம் புதிய படத்திற்குப் பின்னால் போய்விடுவது இதனால்தான்.

இந்த வழிமுறை எங்கெல்லாம் தடுக்கி விழும் என்பதற்குத் தமிழ்ப் படங்களே நல்ல எடுத்துக்காட்டுகள். 2018இல் வந்த '2.0' படத்தின் பெயரில் உள்ள புள்ளியை இடைவெளியாக மாற்றினால் இரண்டும் சுழியமும்தான் மிஞ்சும். 2015இல் வந்த 'ஐ' ஒற்றை எழுத்து, 2012இல் வந்த '3' ஒற்றை இலக்கம். 'எதிர்நீச்சல்' 1968இலும் உண்டு, 2013இலும் உண்டு. 'பொல்லாதவன்' 1980, 2007. கமல்ஹாசனே நடித்த 'விக்ரம்' 1986இல் ஒன்று, 2022இல் ஒன்று. சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட காரணத்தால் எங்கள் வீட்டில் தனி மரியாதை பெற்ற 'நினைத்தாலே இனிக்கும்' கே.பாலசந்தர் இயக்கி 1979இல் வந்தது, அதே பெயரில் 2009இல் இன்னொன்று வந்துவிட்டது. பழைய சிங்கப்பூரைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அப்பா அந்தப் படத்தை வைத்திருந்தார். முழுப் பெயரை எழுதினாலே இவ்வளவு குழப்பம் இருக்கும்போது, பெயரைச் சுருக்கி எழுதினால் என்ன ஆகும்?

எங்கள் வீட்டில் சுருக்கி எழுதும் வழக்கம் இரண்டு தலைமுறையாக இருக்கிறது. அப்பாவின் சுருக்கங்கள் தமிழில் இருந்தன. ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம் வரைதான் பதிவு செய்ய முடியும் என்பதால் ஒரு தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று வட்டுகளாக வரும். உறைகள் நைந்துபோக, அப்பா வெள்ளை உறைகளுக்கு மாற்றி, மேலே சிறிய ஒட்டுத்தாளில் எழுதி வைத்தார். தி.மோ. என்றால் தில்லானா மோகனாம்பாள், அ.வா. என்றால் அன்பே வா, உ.சு.வா. என்றால் உலகம் சுற்றும் வாலிபன். வட்டைக் கணினியில் போட்டுத் திறந்தால், பெரும்பாலும் எல்லா வட்டிலும் படக்கோப்புக்கு ஏவிசெக் 01 என்ற ஒரே பெயர்தான் இருக்கும். ஆகவே நகலெடுத்த தம்பி, உறைமேல் அப்பா எழுதியிருந்த எழுத்துகளையே கோப்பின் பெயராகத் தட்டச்சு செய்தான். அந்த நேரத்தில் அது இயல்பான முடிவாகவே தோன்றியது. ஆ.ஒ. என்ற உறை எந்தப் படம் என்று அவன் கேட்டபோது, அப்பா, "அதுல என்னப்பா சந்தேகம், வாத்தியார் படம்தான்" என்றாராம். அவன் முழுப் பெயரை எழுதினான், ஆண்டை எழுதவில்லை. அப்பாவின் மனத்தில் அந்தப் பெயருக்கு ஒரே படம்தான் உண்டு என்பது அவர் சொன்ன விடையிலேயே இருந்தது.

எங்களை மிகவும் அலைக்கழித்தது பா.ம. என்ற சுருக்கம். அப்படி இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று பாசமலர், மற்றொன்று பாவமன்னிப்பு. இரண்டுமே 1961. இரண்டையும் இயக்கியவர் ஏ.பீம்சிங். இரண்டிலும் சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன், சாவித்திரி. இரண்டுக்கும் இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. போதாக்குறைக்கு, அதே ஆண்டில் அதே இயக்குநரும் அதே நாயகனும் சேர்ந்து கொடுத்த பாலும் பழமும், பா.ப. என்ற பெயரில் பக்கத்திலேயே இருந்தது. சுருக்கத்தோடு ஆண்டைச் சேர்த்து எழுதினாலும், இயக்குநர் பெயரையும் நடிகர் பெயரையும் சேர்த்து எழுதினாலும், இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. மென்பொருள் இரண்டையும் எதனோடும் பொருத்தாமல், போஸ்டர் இல்லாத வெற்றுக் கட்டங்களாக விட்டிருந்தது. தவறான ஒன்றை உறுதியாகச் சொல்வதைவிடத் தெரியவில்லை என்று விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது சரிசெய்வார்கள், தவறான போஸ்டரைப் பார்த்தால் படமே இல்லையென்று நினைத்துப் போய்விடுவார்கள்.

அப்பா எப்படிப் பிரித்துப் பார்த்தார்? அவரிடமே கேட்டேன். உள்ளே போய் உறைகளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். ஒன்றில் நீல மையாலும் மற்றொன்றில் சிவப்பு மையாலும் பா.ம. என்று எழுதியிருந்தது. நீலம் பாசமலர், சிவப்பு பாவமன்னிப்பு. இருபது ஆண்டுகளாக அவருக்கு ஒருமுறைகூடக் குழப்பம் வந்ததில்லை. தட்டச்சு செய்தபோது எழுத்துகள் கணினிக்கு வந்தன, மையின் நிறம் வரவில்லை. தம்பி ஒன்றின் பின்னால் 2 என்று சேர்த்து வைத்திருந்தான், ஆனால் எந்த உறையிலிருந்து எதை முதலில் நகலெடுத்தான் என்பது அவனுக்கே நினைவில்லை.

ஆகவே திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் காட்டப்படும். படத்தின் முழுப் பெயர் அதில் இருக்கும். பழைய விசிடிகள் பலவற்றில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்றாலும், பெயர் ஓடும் பகுதி எப்படியும் இருக்கும். இரண்டாவது கோப்பைத் திறந்தபோது, தலைப்பு திரையில் வருமுன்பே, தொடக்க இசையின் முதல் சில விநாடிகளைக் கேட்டுவிட்டு அப்பா, "இது பாவமன்னிப்பு" என்றார். சற்று நேரத்தில் எழுத்துகளும் அதையே சொல்லின. படத்துக்குள்ளேயே பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்க, வெளியில் ஒட்டிய சீட்டை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்கும் மென்பொருளுக்கு, அந்தச் சீட்டையாவது நாம் ஒழுங்காக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

தம்பியின் சுருக்கங்கள் ஆங்கில எழுத்துகளில் இருந்தன, அவை வேறு விதமாகத் தவறின. தனுஷ் நடித்து 2014இல் வந்த வேலையில்லா பட்டதாரியை எல்லாரும் விஐபி என்றுதான் சொல்கிறோம், படத்தின் விளம்பரமே அப்படித்தான் சொன்னது. ஆனால், விஐபி என்பதையே முழுப் பெயராகக் கொண்ட தமிழ்ப் படம் ஒன்று பிரபுதேவா, அப்பாஸ், சிம்ரன் நடித்து 1997இல் வந்திருக்கிறது. வேலையில்லா பட்டதாரியின் இரண்டாம் பாகத்தை வைத்திருந்த தம்பி, ஆண்டைச் சேர்த்தால் போதும் என்று எண்ணி விஐபி 2017 என்று பெயரிட்டிருந்தான். அதே 2017இல் கொரியாவில் விஐபி என்ற பெயரில் ஒரு குற்றப்படம் வெளியாகியிருக்கிறது, தொடர் கொலைகளைப் பற்றிய கொடூரமான கதை. தலைப்பும் ஆண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தியதால் மென்பொருள் அந்தப் போஸ்டரைக் கொண்டுவந்து மாட்டியது. கொடுத்த தகவலை வைத்துப் பார்த்தால் அதன் விடை சரியானது. நாம் கொடுத்த தகவல்தான் வேறு படத்தினுடையது.

பொன்னியின் செல்வன் கதை இன்னும் விசித்திரமானது. 2022இலும் 2023இலும் வந்த இரண்டு பாகங்களையும் தம்பி ஒரே கோப்புறையில், ஆங்கிலத்தில் பிஎஸ்-பார்ட்1, பிஎஸ்-பார்ட்2 என்று வைத்திருந்தான். விசிடி, டிவிடி காலத்து வழக்கத்திற்காக, சிடி1, சிடி2 என்றோ பார்ட்1, பார்ட்2 என்றோ முடியும் கோப்புகளை ஒரே படத்தின் துண்டுகள் என்று எடுத்துக்கொண்டு தொடர்ச்சியாக ஓட்டும் வசதி இந்த மென்பொருள்களில் உண்டு. அப்பாவின் வட்டுகளுக்கு அது மிகவும் பயன்பட்டது. அதே வசதி இங்கே இரண்டு படங்களையும் ஒட்டி, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் படமாக்கி, துண்டுக் குறிப்பை வெட்டிய பின் மிஞ்சிய இரண்டு எழுத்துகளைத் தேடி, 2004இல் பி.எஸ். என்ற பெயரிலேயே வெளிவந்த அமெரிக்கப் படத்தின் போஸ்டரை அதற்கு வைத்தது.

போஸ்டர் மாறியதற்கா இவ்வளவு கவலை என்று சிலர் கேட்டார்கள். போஸ்டரோடு நின்றுவிடுவதில்லை என்பதே என் விடை. தானாகத் தரவிறக்கப்படும் சப்டைட்டில் தவறான படத்தினுடையதாக வருகிறது. தமிழ் அவ்வளவாக வராத என் அண்ணன் மகன் சப்டைட்டிலை நம்பித்தான் படம் பார்க்கிறான். அதைவிட முக்கியம் வயது வரம்பு. பிஜி13, என்சி16, எம்18 என்று நாம் பார்த்துப் பழகிய தரக்குறியீடுகளை வைத்துப் பிள்ளைகளின் கணக்கில் எந்தப் படம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்கிறோம். மென்பொருளோ அந்தக் குறியீட்டைத் தான் அடையாளம் கண்ட படத்திலிருந்து எடுக்கிறது, ஓடப்போகும் படத்திலிருந்து அல்ல. குடும்பப் படம் ஒளிந்துகொள்வது பரவாயில்லை. பெரியவர்களுக்கான படம் ஒன்று குழந்தைகள் படத்தின் பெயரில் பிள்ளைகள் முன்னால் வந்து நின்றால் யார் பொறுப்பு?

சுருக்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரே சுருக்கங்களில் வாழும் ஊர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வீவக என்றும் மத்திய சேம நிதியை மசேநிதி என்றும் நாளிதழில் படிக்கிறோம், ஊர்ப்பகுதிகளை ஏஎம்கே, சிசிகே என்று பேசுகிறோம், எவருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. ஊருக்குப் புதிதாக வந்த உறவினருக்கு ஏஎம்கே வந்துவிடு என்று செய்தி அனுப்பினால் மட்டும், அங் மோ கியோ என்று எழுத வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே விஷயம் தெரிந்த இருவருக்கு இடையில்தான் சுருக்கம் செல்லும். மீடியா சர்வர் ஊருக்குப் புதிதாக வந்தவரைப் போன்றது. அதற்கு வாத்தியாரையும் தெரியாது, சிவப்பு மையையும் தெரியாது.

அப்பா சுருக்கி எழுதியதற்குக் காரணம் இருந்தது, ஒட்டுத்தாள் கட்டைவிரல் அகலம்தான். கோப்புப் பெயருக்கு அந்த நெருக்கடி இல்லை. லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக ஒரு பெயருக்கு 255 பைட் இடம் உண்டு. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டாலும் 85 குறிகள் கிடைக்கும். உலகம் சுற்றும் வாலிபன் என்பதை ஆண்டோடு எழுதிய பிறகும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.

இப்போது நான் பின்பற்றும் முறை இதுதான். ஒவ்வொரு படத்திற்கும் தனிக் கோப்புறை. அதில் முழுப் பெயர், பிறை அடைப்புக்குள் முதன்முதலில் வெளியான ஆண்டு. மறுவெளியீட்டு ஆண்டை எழுதக் கூடாது. எம்.ஜி.ஆரின் ஆயிரத்தில் ஒருவன் புதுப்பிக்கப்பட்டு 2014இல் மீண்டும் திரைக்கு வந்தது, ஆனாலும் தரவுத்தளத்தில் அது 1965தான். பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் ழகரத்தையும் நெடிலையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பதால், தரவுத்தளத்தில் தமிழ்த் தலைப்பு இருக்கும் படங்களுக்குத் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழிலும் கவனம் வேண்டும். பாசமலர் என்று சேர்த்து எழுதுவதா, பாச மலர் என்று பிரிப்பதா, வல்லின ஒற்றைப் போடுவதா என்பதில் இலக்கணத்தைப் பார்க்காமல் தரவுத்தளத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. பொன்னியின் என்பதில் உள்ள 'பொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியைக் கணினியில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், எளிய எழுத்து ஒப்பீட்டில் அவை வேறு வேறு.

பெயரும் ஆண்டும்கூடப் போதாத இடங்களில் எண்ணைத்தான் நம்ப வேண்டும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு தனி எண் உண்டு. அந்த எண்ணைப் பெயரின் இறுதியில் எழுதினால் மென்பொருள் தேடாமல் நேராக அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளும். மீடியா சர்வர் மென்பொருள்களுள் பிளெக்ஸில் அதைச் சுருள் அடைப்புக்குள்ளும், ஜெல்லிஃபினில் சதுர அடைப்புக்குள்ளும் எழுதும் வழக்கம், முன்னொட்டும் சற்று மாறும். ஒரே பெயரில் வேறு படம் உள்ள எல்லாப் படங்களுக்கும் இதைச் செய்துவிட்டேன்.

மென்பொருளுக்குள்ளேயே தவறான பொருத்தத்தைத் திருத்தும் வசதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். முதல் வாரம் அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் அந்தத் திருத்தம் பொதுவாக மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்தில் மட்டுமே தங்குகிறது. கணினியை மாற்றி மறுபடியும் நிறுவினாலோ, வேறொரு மென்பொருளுக்கு மாறினாலோ, செய்த வேலை அத்தனையும் போய்விடும். கோப்பின் பெயரைத் திருத்தினால் அது கோப்போடு எங்கும் போகும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு என் அண்ணன் மகன் அந்த வன்தட்டைத் திறந்தாலும், எந்த மென்பொருளும் இல்லாமல், எது பாசமலர் என்று படித்துத் தெரிந்துகொள்வான்.

அப்பாவின் பெட்டியில் இன்னும் பதினான்கு உறைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் தி. என்ற ஒரே எழுத்துதான் இருக்கிறது, அதுவும் பென்சிலில். திருவிளையாடலாக இருக்கலாம் என்கிறார் அப்பா, திருவருட்செல்வர் என்கிறார் அம்மா. சனிக்கிழமை மாலை தம்பி வந்ததும் அதைத் திறந்து, பெயர் ஓடும் வரை பார்த்துவிட்டு எழுதப்போகிறோம்.